முதல் வருடம் மண்ணைக் கவ்வியாச்சு, மீதி மூன்று வருடத்தில் எவ்வளவு மீட்க முடியும்?

கடைசிவரிசை

முதல் வருட ரிசல்ட் வந்துவிட்டது. சிஜிபிஏ, அதாவது பத்துக்கு இதுவரையான மொத்தச் சராசரி, 5.2. கூடவே தேறாமல் திரும்ப எழுத வேண்டிய மூன்று பேப்பர், அரியர்: கணிதம் ஒன்று, கணிதம் இரண்டு, இயற்பியல். பொறியியல், நான்கு வருடப் படிப்பு, எட்டு செமஸ்டர்.

பள்ளியில் நான் இப்படி இல்லை, முதல் ஐந்து பேருக்குள் எப்போதும் இருந்தவன். ஊர் சுற்றினேன், புத்தகத்தைத் தொடவில்லை, அதனால் ஃபெயில் என்றால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். நான் உட்கார்ந்து படித்தேன். முதல்நாள் இரவு புரட்டினால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்தது, வினாத்தாளைக் கையில் வாங்கியதும் ஒன்றும் வரவில்லை.

கேட்க வேண்டியது இதுதான். அடுத்த செமஸ்டரில் ரெகுலர் ஆறு பேப்பரோடு இந்த மூன்றையும் சேர்த்து எழுதி ஒரே மூச்சில் முடித்துவிடலாமா? இல்லை, இந்தப் படிப்பே எனக்குச் சரிவராது என்று இப்போதே விலகிவிடுவது நல்லதா? வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

சும்மாவந்தவன்

ராமானுஜனே காலேஜில் ஃபெயில் ஆனவர்தான் நண்பா. இதுக்கெல்லாம் கலங்கலாமா.

நள்ளிரவு_வாசகி

இந்த ஆறுதலை யாராவது தடை செய்தால் நல்லது. ராமானுஜன் கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களைக் கண்டுகொள்ளாமல் உதவித்தொகையை இழந்தார், திரும்ப எழுதியும் பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை, கடைசிவரை அந்தத் தேர்வில் அவர் மீளவே இல்லை. பட்டம் கிடைத்தது 1916-ல், கேம்பிரிட்ஜில், ஆராய்ச்சிக்காக. அவர் கதையில் அரியரை எப்படிக் கிளியர் செய்வது என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. இங்கே கேட்டவருக்குக் கணிதத்திலேயேதான் அரியர், அது வேறு!

கடைசிவரிசை, நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் என்பது வேண்டாம். புத்தகத்தைத் திறந்ததிலிருந்து மூடும்வரை என்ன நடக்கும் என்று எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை

மனசு ஆறட்டும், அது ஒரு பக்கம். முதலில் கணக்கைப் பார்ப்போம், பயத்தில் பாதி இதிலேயே குறையும்.

எட்டு செமஸ்டருக்கும் கிரெடிட், அதாவது சராசரியில் அதன் எடை, சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செமஸ்டர் 5.2 என்றால் இதுவரை சேர்ந்தது 10.4. முடிவில் 7 வேண்டுமானால் மொத்தம் 56 வேண்டும். பாக்கி 45.6, ஆறால் வகுத்தால் 7.6. அதாவது இனி ஒவ்வொரு செமஸ்டரும் சராசரி 7.6 எடுத்தால் 7-ல் முடிக்கலாம். 8 வேண்டும் என்றால் 8.93 எடுக்க வேண்டும், அது கஷ்டம், இப்போதைக்கு அதை ஆசைப்பட வேண்டாம். 6.5 போதும் என்றால் 6.93.

இப்போது இன்னொரு கணக்கு. இதே மாதிரி இன்னும் ஒரு வருடம் ஓடி, நான்கு செமஸ்டர் முடிவில் 5.2-லேயே நின்றால், அதே 7-ஐத் தொட மீதி நான்கு செமஸ்டரிலும் 8.8 வேண்டும். இன்றைக்கு 7.6, அடுத்த வருடம் 8.8. நேரம் என்பது இங்கே இவ்வளவுதான், ஆனால் இவ்வளவு இருக்கிறது.

இரண்டு விஷயம் கவனிக்க. ஒன்று, உங்கள் 5.2-ல் அந்த மூன்று பேப்பரும் பூஜ்ஜியமாகச் சேர்ந்திருக்கிறதா, இல்லை தேறியதை மட்டும் வைத்துப் போட்டிருக்கிறார்களா? இடத்துக்கு இடம் மாறும். பூஜ்ஜியமாகச் சேர்ந்திருந்தால் அரியர் கிளியர் ஆகும்போது பழைய செமஸ்டர் எண்ணே ஏறும், நிலைமை நான் சொன்னதைவிட நல்லது. ரெகுலேஷன் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள், சீனியர் சொல்வதை நம்ப வேண்டாம். இரண்டு, எல்லாப் பேப்பரும் ஒரே எடை கிடையாது. 4 கிரெடிட் பேப்பரில் ஒரு கிரேடு ஏறுவதும், 1 கிரெடிட் லேபில் நான்கு கிரேடு ஏறுவதும் சமம். ரெக்கார்டு நோட்டை அழகுபடுத்திக்கொண்டு கணிதத்தை விடுகிறவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

கடைசிவரிசை

நன்றி கணக்குப்பிள்ளை. 7.6 என்று பார்க்கும்போது ஏதோ செய்ய முடிகிற எண் மாதிரி இருக்கிறது.

நள்ளிரவு_வாசகி கேட்டதற்கு: ஒரு யூனிட் எடுத்தால் முதலில் முழுதாக ஒருமுறை படிப்பேன். அப்புறம் முக்கியமானதை அடிக்கோடு போட்டு இன்னொரு முறை. பிறகு நோட்டில் எழுதி வைப்பேன், எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். கணக்கு என்றால் புத்தகத்தில் தீர்த்துக் காட்டியிருப்பதை வரி வரியாகப் பார்ப்பேன், புரிந்தால் அடுத்ததுக்குப் போவேன். பள்ளியில் இப்படித்தான் படித்தேன், அங்கே நன்றாகவே வந்தது.

நள்ளிரவு_வாசகி

நினைத்தேன். நீங்கள் எழுதியதில் ஒரு இடத்தில்கூட புத்தகத்தை மூடவே இல்லை, கவனித்தீர்களா?

2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, சிலரை அதையே திரும்பப் படிக்கச் சொன்னார்கள், சிலரைப் பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னால். 2 நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். இதில் சுவாரசியமான இடம், தனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள். உங்கள் “முதல்நாள் இரவு எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது” இதுவேதான். பக்கம் பழகிவிடுகிறது, அந்தப் பழக்கத்தை நாம் அறிவு என்று நினைத்துக்கொள்கிறோம்.

2013-ல் டன்லாஸ்கியும் அவர் குழுவும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். அடிக்கோடு போடுவது, திரும்பப் படிப்பது, சுருக்கி எழுதுவது மூன்றும் கீழ்த்தட்டு. தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பது, நாள் இடைவெளி விட்டுப் படிப்பது, இந்த இரண்டுக்கு மட்டும்தான் உயர்ந்த மதிப்பு. நீங்கள் செய்தது எல்லாம் முதல் மூன்றில் இருக்கிறது.

அப்போது பள்ளியில் எப்படி மார்க் வந்தது என்று கேட்பீர்கள். பள்ளியில் உங்களுக்காக இன்னொருவர் சோதித்துக்கொண்டே இருந்தார். வாரத் தேர்வு, மாதத் தேர்வு, ரிவிஷன், அதே பாடம் நாலைந்து முறை. அந்த வேலையைக் கல்லூரி உங்கள் தலையில் கட்டிவிட்டது, யாரும் அறிவித்துச் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. தீர்த்த கணக்கை ஒருமுறை பாருங்கள், புத்தகத்தை மூடுங்கள், வெள்ளைத்தாளில் முதலிலிருந்து போடுங்கள். நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, அப்புறம் திறந்து பாருங்கள். இரண்டு நாள் கழித்து அதே கணக்கை, பார்க்காமல். எரிச்சலாக இருக்கும், மெதுவாகப் போகிற மாதிரி இருக்கும், ஒரு மணி நேரத்தில் நாலு கணக்குதான் ஆகும். அந்த எரிச்சல்தான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

பழையமாணவன்

வாசகி சொல்வது சரிதான், ஆனால் எல்லாருக்கும் நோய் இது கிடையாது என்று சொல்லிவைக்கிறேன். என் செட்டில் விழுந்தவர்களில் பலருக்குப் படிக்கும் முறை பிரச்சனையே இல்லை. முதல் இன்டர்னலில் மார்க் குறைந்தது, அந்த வகுப்புக்குப் போக ஒரு மாதிரி இருந்தது, ஒரு நாள் போகவில்லை, போகாததால் அடுத்த வகுப்பு புரியவில்லை, புரியாததால் அதற்கும் போகவில்லை. அப்புறம் அந்த ஆசிரியர் எதிரே வந்தால் வேறு படிக்கட்டில் இறங்குவது. மூன்றாவது இன்டர்னல் வரும்போது பாடம் எந்த யூனிட்டில் இருக்கிறது என்றே தெரியாது. யாராவது கேட்டால் “செமஸ்டரில் பார்த்துக்கலாம்”.

இதற்குப் புத்தகத்தை மூடிவைத்துப் போட்டுப் பார்ப்பதெல்லாம் உதவாது. புரியவில்லை என்றாலும் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது பெஞ்சுக்குள் உட்காருங்கள், பின்னால் உட்கார்ந்தால் கை தானாகவே போனை எடுக்கும்.

நான் இப்போது வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அந்தக் கதையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் ஒரு எண்ணை வைத்து ஆரம்பத்திலேயே வடிகட்டுவார்கள், அதை மறைத்துப் பயனில்லை. நிற்கும் அரியர் இருந்தால் அதுவும் தடை. ஆனால் அந்த வடிகட்டலைத் தாண்டி எதிரே உட்கார்ந்துவிட்டால், 5-ல் தொடங்கி 8-ல் முடித்தவனிடம் எனக்குக் கேட்க நிறைய இருக்கும், 8-ல் தொடங்கி 6-ல் முடித்தவனிடம் நான் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். “முதல் வருடம் என்ன ஆச்சு” என்று கண்டிப்பாகக் கேட்பேன். அதற்கு நேராக ஒரு பதில் போதும். உடம்பு சரியில்லை, ஆசிரியர் சரியில்லை என்று இழுத்தால்தான் சங்கடம்.

வகுப்பறைக்குள்

நான் முதல் வருட மாணவர்களுக்குக் கணிதம் எடுப்பவள். தம்பி, அந்த ஒரே மூச்சு யோசனையை முதலில் கைவிடுங்கள். ஒன்பது பேப்பர் எழுதப் போனால் மூன்று அரியர் ஐந்து அரியர் ஆவதுதான் வழக்கம். பழையதற்கு ஓடியதில் புதியது போகும்.

அதைவிட முக்கியம், விடைத்தாள். திருத்திய விடைத்தாளைப் பார்க்கவோ நகல் வாங்கவோ உங்கள் இடத்தில் வழி இருந்தால் வாங்குங்கள். ரிசல்ட்டில் வருவது ஒரு எண், ஏன் என்று அது சொல்லாது. என்னிடம் வந்த பையன் ஒருவன், தொகையிடல் தனக்கு வரவே வராது என்று அழாத குறை. அவன் தாளைப் பிரித்தால் தொகையிடல் முறை எல்லா இடத்திலும் சரி. எங்கே போனது தெரியுமா? எண்ணில் சொன்னால், 9 + 16 என்று வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது என்று வையுங்கள். அதை 3 + 4 என்று எழுதி 7 என்று போடுகிற மாதிரி போட்டிருக்கிறான். உள்ளே கூட்டினால் 25, வர்க்கமூலம் 5. எண்ணாக இருந்தால் அவனுக்கே தெரியும், எழுத்துகளாக வந்தபோது கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. அந்த ஒரு பழக்கம் மூன்று பெரிய கேள்விகளைச் சாப்பிட்டிருந்தது. பகுதிப் பின்னங்கள், மடக்கை விதிகள், முக்கோணவியல் முற்றொருமைகள், முதல் வருடக் கணிதத்தில் விழுபவர்களில் பாதிப்பேர் விழுவது இந்தப் பள்ளிக் கற்களில் தடுக்கித்தான், கல்லூரிப் பாடத்தில் இல்லை.

கணிதம் ஒன்று, கணிதம் இரண்டு, இயற்பியல் மூன்றும் உங்களுக்கு மூன்று அரியர் போலத் தெரிகிறது. எனக்கு அது ஒரே அரியராகத் தெரிகிறது. முதல் கணிதத்தில் இருந்த ஓட்டை மற்ற இரண்டுக்குள்ளும் ஒழுகியிருக்கலாம். விடைத்தாள் பார்த்தால் உறுதியாகும்.

இன்னொன்று. ஆசிரியர் அறைக்கு வரும்போது “ஒன்றும் புரியவில்லை மேடம்” என்று வராதீர்கள். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது, “நன்றாகப் படி” என்றுதான் வாயில் வரும். நீங்கள் போட்டுப் பார்த்த தாளோடு வாருங்கள், “இந்த வரிவரை வந்தேன், அடுத்த வரி எப்படி வந்தது” என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் முடியும், எந்த ஆசிரியரும் துரத்த மாட்டார். சரி, சிலர் துரத்துவார்கள். அப்படியானால் அடுத்த அறைக்குப் போங்கள்.

சும்மாவந்தவன்

அப்போ பொறியியல் மாணவன் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தூக்கணுமா மேடம்? பக்கத்து ரூம் பசங்க சிரிக்க மாட்டாங்களா?

வகுப்பறைக்குள்

சிரிக்கட்டும். சிரிக்கிறவனிடம் ஒரு பகுதிப் பின்னக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

மொழிமாறியவள்

யாரும் தொடாத ஒரு விஷயம். பள்ளி முழுக்கத் தாய்மொழியில் படித்துவிட்டு கல்லூரியில் ஆங்கிலத்தில் உட்காருபவர்களுக்குப் பாடம் ஒரு சுமை, மொழி இன்னொரு சுமை. நான் அப்படி வந்தவள். முழுப் புத்தகத்தையும் மொழிபெயர்த்துப் படிக்கப் போனால் செமஸ்டர் முடிந்துவிடும். எனக்கு உதவியது பழைய வினாத்தாள்களில் கேள்வியின் வினைச்சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்தது. டிரைவ், ஸ்டேட், ஜஸ்டிஃபை, கம்பேர், இப்படி ஒரு இருபது சொல்தான் சுற்றிச் சுற்றி வரும். ஸ்டேட் என்றால் சொன்னால் போதும், டிரைவ் என்றால் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும். இது தெரியாமல் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

எதிர்க்கரை

எல்லாரும் “மீண்டு வா” என்றே சொல்கிறீர்கள், அதனால் நான் மறுபக்கம் பேசுகிறேன். அவர் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டார், விலகுவது பற்றி. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. விலகுவது தோல்வி என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு பேசினால் அந்தக் கேள்விக்குப் பதில் வராது.

நான் துறை மாறியவன். என்னைக் கேட்டால் மார்க்கை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. மார்க் நன்றாக இருந்தும் மாற வேண்டியவர்கள் உண்டு, அரியர் அடுக்கியிருந்தும் இருக்க வேண்டியவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது இது: அந்தத் துறையில் ஒரு பாடமாவது, ஒரு லேபாவது, தேர்வு இல்லை என்று சொன்னாலும் போய் நோண்டத் தோன்றுகிறதா? மூன்றாம் வருடப் பாடத்திட்டத்தை எடுத்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள், ஆர்வம் வருகிறதா, மூச்சு முட்டுகிறதா? முதல் வருடத்தில் உங்கள் துறைப் பாடமே பெரும்பாலும் வராது, பொதுவான கணிதமும் அறிவியலும்தான். அதை வைத்துத் துறையை வெறுப்பது அவசரம். ஆனால் அந்தப் பெயர்களைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை என்றால், “இவ்வளவு கட்டணம் கட்டியாச்சே” என்பதற்காக மட்டும் இன்னும் மூன்று வருடம் கொடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை

எதிர்க்கரையோடு ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. தேர்வு முடிவு வந்த வாரத்தில் இந்த முடிவை எடுக்கக் கூடாது.

மேடம் சொன்ன பேப்பர் எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு. ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வகுப்பு, படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து. வருடத்துக்கு 60 கிரெடிட், அதாவது 1500 முதல் 1800 மணி நேரம். முழுநேர வேலைக்கு நிகரான நேரம் அது, அதுவும் எல்லாம் ஒழுங்காகப் போகிறவனுக்கு. அதன் மேல் பாதிப் பங்கு அரியரை ஏற்றினால் அந்த மணி நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான் வெட்டுவீர்கள். தூக்கத்தை வெட்டினால் படித்ததும் நிற்காது, ஆகக்கூடி இரண்டும் போச்சு.

நள்ளிரவு_வாசகி

என் பெயரை வைத்துக்கொண்டு இதற்கு ஆமாம் போடுவது கொஞ்சம் சங்கடம்தான், ஆனாலும் ஆமாம்.

இன்னொரு ஆய்வு ஞாபகம் வந்தது. 1982-ல் வில்சன், லின்வில் என்ற இருவர், மார்க் பற்றிக் கவலையில் இருந்த முதல் வருட மாணவர்களில் சிலருக்கு ஒரு தகவல் மட்டும் கொடுத்தார்கள்: முதல் வருடத்தில் மார்க் குறைவது பலருக்கும் நடப்பது, போகப்போக ஏறும். சீனியர்கள் தங்கள் மார்க் எப்படி ஏறியது என்று பேசும் வீடியோவையும் காட்டினார்கள். தகவல் கிடைத்தவர்களில் படிப்பை விட்டவர்கள் குறைவு, அடுத்த வருட மார்க்கும் மற்றவர்களைவிட அதிகம் ஏறியது. சின்னக் குழுதான், இதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் “நான் முட்டாள்” என்று நினைப்பவனும் “இது முதல் வருடம்” என்று நினைப்பவனும் அடுத்த நாள் காலையில் வேறு வேறு வேலை செய்வார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

ஒருஅப்பா

பெற்றோர் பக்கத்திலிருந்து. தம்பி, வீட்டில் சொல்லிவிடுங்கள். என் மகளும் மறைத்தாள். மார்க்கைவிட, மறைத்த மாதங்களில் அவள் தனியாக இருந்தது எங்களுக்கு அதிகம் வலித்தது. சொல்லும்போது “ஃபெயில் ஆகிவிட்டேன்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், நாங்கள் பயத்தில் கத்துவோம். எந்தப் பேப்பர், எப்போது திரும்ப எழுத முடியும், என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். கத்தல் அப்போதும் இருக்கும், சீக்கிரம் முடியும். அப்புறம் இது படிப்பையும் தாண்டியதாக இருந்தால், தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, யாரையும் பார்க்க வேண்டாம் போலிருக்கிறது என்றால், கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள், அரியர் காத்திருக்கும்.

கடைசிவரிசை

எல்லாருக்கும் நன்றி, விடைத்தாள் நகல் கிடைத்தபிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

மேடம், நீங்கள் சொன்ன அந்தப் பையன் நானாகவே இருக்கலாம். கணிதம் ஒன்றில் பெரிய கேள்விகளில் முதல் மூன்று நான்கு வரி சரி, நடுவில் பின்னத்தைப் பிரிக்கும் இடத்தில் எல்லாமே கோணல். கணிதம் இரண்டிலும் அதே இடம். இயற்பியல் வேறு கதை, அங்கே இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை, நேரம் போதவில்லை. முதல் கேள்விக்கு மட்டும் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் வருடப் பாடத்திட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், எம்பெடட் சிஸ்டம்ஸ் என்று இருந்தது. இரவு ஒரு மணி வரை அதைப் பற்றி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன், எதிர்க்கரை இதை என்ன கணக்கில் வைப்பார் என்று தெரியவில்லை. வீட்டிலும் சொல்லிவிட்டேன். கத்தல் இருந்தது.

எதிர்க்கரை

இந்தப் படிப்பிலேயே இருங்கள். அதுதான் கணக்கு.

வகுப்பறைக்குள்

அப்படியானால் வரிசை இப்படி. இந்த செமஸ்டர் ரெகுலர் ஆறோடு கணிதம் ஒன்று மட்டும். தினமும் அரை மணி நேரம் பள்ளி இயற்கணிதம், பகுதிப் பின்னத்தில் தொடங்குங்கள், அது கை வந்ததும் மடக்கை. அடுத்த செமஸ்டரில் கணிதம் இரண்டு, அதற்குள் அது பாதி இலகுவாகியிருக்கும். இயற்பியலுக்கு உங்களுக்குக் குறைவது அறிவு இல்லை, கடிகாரம். பழைய வினாத்தாளை எடுத்து, மதிப்பெண்ணுக்கு இத்தனை நிமிடம் என்று பிரித்து, அலாரம் வைத்து எழுதிப் பழகுங்கள். நேரம் முடிந்தால் வாக்கியம் பாதியில் இருந்தாலும் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கணிதம் மூன்று இந்த செமஸ்டரில் ரெகுலராக வருகிறதா? வந்தால் அதற்கு முதல் வாரத்திலிருந்தே வந்து உட்காருங்கள், அதுவும் அரியராகிவிட்டால் சங்கிலி நீளும்.

கணக்குப்பிள்ளை

பதிவு செய்வதற்கு முன் ரெகுலேஷனில் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். அரியரில் தேறினால் எடுத்த மார்க்குக்கு உரிய கிரேடு தருகிறார்களா, இல்லை வெறும் பாஸ் கிரேடோடு நிறுத்துகிறார்களா? பாஸ் கிரேடுதான் என்றால் அங்கே 90 எடுக்க உழைப்பதில் பயனில்லை, அந்த நேரத்தை ரெகுலர் பேப்பரில் போடுங்கள். பழைய இன்டர்னல் மார்க் அப்படியே தொடருமா என்பதும் பார்க்க வேண்டும்.

கடைசிவரிசை

பார்த்தேன். எடுத்த மார்க்குக்கு உரிய கிரேடு உண்டு, இன்டர்னல் பழையதேதான். 5.2-ல் அந்த மூன்றும் பூஜ்ஜியமாகத்தான் சேர்ந்திருக்கிறது, ஆக உங்கள் 7.6 இன்னும் கொஞ்சம் இறங்கும். கணிதம் மூன்று வருகிறது மேடம், திங்கட்கிழமை முதல் வகுப்பு. கணிதம் ஒன்றுக்கு மட்டும் கட்டணம் கட்டிவிட்டேன்.